கண்டெடுக்கப்பட்டவன்: புனைகதையில் நகல் மனிதனும் எந்திர மனிதனும்

தமிழ்க் காப்பியங்களுக்கு எந்திரம் புதிதன்று. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிப்பதற்காக, வீரர்களை வயிற்றில் மறைத்துக்கொண்டு ஒரு பொய் யானை காட்டில் நிற்கிறது. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறிப் பகைவர் கையினின்றும் தப்புகிறாள். அரபு மொழியிலும் இக்கலை தழைத்திருந்தது. அல்ஜஸரீ 1206ஆம் ஆண்டில் எழுதி முடித்த நூலில், கை கழுவ நீர் வார்க்கும் பொம்மைப் பணியாளும், யானையின் முதுகில் அமைந்த நாழிகைக் கருவியும் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதுவும் தன்னைச் செய்தவனை நோக்கி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. விசயையை இறக்கிவிட்ட மயில் பிறகு என்னவாயிற்று என்று புலவரும் கவலைப்படவில்லை. படிக்கும் நாமும் கவலைப்படுவதில்லை.

நிலைமை மாறியது கடந்த இரு நூற்றாண்டுகளில்தான். 1818இல் மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையில், செய்யப்பட்டவன் செய்தவனைத் தேடிச் சென்று, என்னை ஏன் கைவிட்டாய் என்று கேட்கிறான். 1921இல் பிராக் நகரில் மேடையேறிய காரல் சாப்பெக்கின் நாடகம் ‘ரோபோ’ என்னும் சொல்லை உலகுக்குக் கொடுத்தது. செக் மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. அந்நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல என்பதைப் பலர் அறியார். உயிர்ப்பொருளை ஒத்த ஒரு கலவையில் வார்க்கப்பட்ட மனித உருக்கள் அவை. ஆகவே இன்று குளோனிங் என்றும் செயற்கை அறிவு என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசப்படுபவை, கதையுலகில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இக்கட்டுரையிலும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இத்தகைய கதைகளைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. மனிதன் படைக்கத் துணிந்துவிட்டான், இதைக் கதையாகப் படிப்பதும் பாவம் என்று ஜும்ஆ பயானில் கண்டிப்பவர் ஒரு பக்கம். அந்தப் பொம்மை எப்படிப் பறந்தது, எத்தனை பேரை அடித்தது என்று சிலாகிக்கும் இளைஞர் மறு பக்கம். முன்னவர் கதையைப் படிப்பதில்லை. பின்னவர் கதையை யோசிப்பதில்லை.

முதலாமவருக்கு விடை சொல்வது எளிது. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயதுப் பெண்ணாடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த செல்லின் கருவை, உட்கரு நீக்கிய வேறோர் ஆட்டின் முட்டையில் சேர்த்து, மூன்றாவது ஓர் ஆட்டின் வயிற்றில் வளர்த்தார்கள். 277 முட்டைகளில் முயன்று கிடைத்தது ஒரே குட்டி. செய்தி 1997 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதே ஆண்டு ஜூன் இறுதியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாதமியின் பத்தாம் அமர்வு இதை ஆராய்ந்தது. இது படைத்தலோ படைத்தலில் ஒரு பகுதியோ ஆகாது என்பதைத் தெளிவாக்கிய பின்னரே, மனிதனை இம்முறையில் உண்டாக்குவதை அது தடை செய்தது. செடிகளிலும் கால்நடைகளிலும் நலன் கருதி, ஷரீஅத்தின் வரம்புக்குள் இக்கலையைப் பயன்படுத்த இடமும் அளித்தது. உள்ள செல்லையும் உள்ள முட்டையையும் எடுத்து இடம் மாற்றி வைப்பவனைப் படைத்தவன் என்று அழைத்தால், ஒட்டுச்செடி கட்டும் நம் தோட்டக்காரரையும் அவ்வாறே அழைக்க வேண்டியிருக்கும்.

எருமப்பட்டி என்னும் பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுபவன், கர்னால் எருமைக்கன்றைச் சொல்லாமல் விட்டால் ஊரார் மன்னிக்க மாட்டார்கள். ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2009 பிப்ரவரி 6 அன்று நகல் முறையில் ஓர் எருமைக்கன்றைப் பிறப்பித்தார்கள். சம்ரூபா என்று பெயரிடப்பட்ட அது சில நாள்களிலேயே இறந்தது. அதே ஆண்டு ஜூனில் கரிமா பிறந்தது. 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமா வளர்ந்து, தானும் கன்று ஈன்றது. எருமையில் இது பால் பெருக்கும் வழி. முதற்கன்று இறந்ததும் அடுத்த கன்றுக்கு முயல்வதில் உழவனுக்கு மனத்தடை இராது. அந்த 277ஐ மனிதக் குழந்தைக்குப் பொருத்திப் பாருங்கள். தடையின் நியாயம் அங்கேயே புலப்பட்டுவிடும். வேறு வாதம் வேண்டா.

ஆனால் ஃபத்வா செயலுக்கு முன்னே நின்று பேசுவது. செய்யாதே என்பதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிகிறது. யாரோ ஒருவன் கேளாமல் செய்துவிட்டான், ஒரு பிள்ளை பிறந்துவிட்டது என்றால், அந்த இடத்தில்தான் கதை தொடங்குகிறது. பிறந்தவன் ஃபத்வாவை மீறியவன் அல்லன். அவன் எதையும் செய்தவனே அல்லன். இக்கதைகளை எடைபோட நான் கையாளும் படிக்கல் இதுதான்: செய்யப்பட்டவனைப் பற்றிக் கதைக்கு அக்கறை இருக்கிறதா? செய்தவனைக் கேள்வி கேட்க அதற்குத் துணிவு இருக்கிறதா? உயிர் உண்டா, ஆன்மா உண்டா என்னும் ஆராய்ச்சி எனக்கு இரண்டாம்பட்சம்.

பிரச்சினை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு நம் மத்ரஸா நஹ்வுப் பாடத்து ஜைதையும் அம்ரையும் அழைத்துக்கொள்வோம். இதுவரை ஒருவரையொருவர் அடித்துக்கொண்டது போதும். ஜைதின் செல்லிலிருந்து அம்ர் உண்டாக்கப்பட்டான் என்று வையுங்கள். உடற்கூற்றின்படி அவன் ஜைதுக்கு இரட்டைச் சகோதரன் போன்றவன். வயதின்படியும் வளர்ப்பின்படியும் மகன் போன்றவன். ஜைது இறந்தால் என் பங்கு எது என்று அம்ர் கேட்கிறான். மகன் என்றால் ஜைதின் மற்ற ஆண்மக்களோடு சமமாகப் பெறுவான். சகோதரன் என்றால், மய்யித்துக்கு ஒரு மகன் இருந்தாலே அவனுக்கு ஒன்றும் இல்லை. இவ்விரண்டும் ஆகாதவன் என்றால் வெறுங்கையோடு வாசலில் நிற்பான். மீராஸ் பாடத்தில் எத்தனையோ சிக்கலான மஸ்அலாக்களைத் தீர்த்த பெரியோர்களுக்கு இப்படியொரு வாரிசு வந்து நின்றதில்லை.

அவ்வாறு நிற்பவனுக்கு நம் பிக்ஹு நூல்களில் கதவே இல்லையா? இருக்கிறது என்பது என் கருத்து. ஹிதாயா ஓதிய எவரும் ‘லகீத்’ பாடத்தைக் கடந்து வந்திருப்பர். தாய் தகப்பன் யாரென்று தெரியாமல் தெருவிலோ பள்ளிவாசல் திண்ணையிலோ கண்டெடுக்கப்படும் குழந்தையைப் பற்றிய பாடம் அது. அதைத் தூக்கியெடுப்பது நன்மை. விட்டுவிட்டால் அழிந்துபோகும் என்று அஞ்சினால் தூக்குவது கடமை. அது சுதந்திரமான மனிதன். எடுத்தவன் வெறும் வாய்ச்சொல்லால் அதை அடிமை என்று உரிமை கொண்டாட முடியாது. அதன் செலவு பைத்துல்மாலைச் சேர்ந்தது. கவனியுங்கள்: எப்படிப் பிறந்தாய், யாருடைய பாவம் நீ என்று அந்தப் பாடம் குழந்தையிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. நகல் மனிதன் நம் சட்டத்துக்குள் நுழைய வேண்டிய வாசல் இதுவே என்று எண்ணுகிறேன். ஆலிம் பெருமக்கள் மறுத்தால் காரணத்தோடு மறுக்கட்டும். இன்னும் கற்றுக்கொள்ள வாய்ப்பாகும்.

அந்தலுஸ் நாட்டுத் தத்துவ ஞானி இப்னு துஃபைல் 12ஆம் நூற்றாண்டிலேயே இந்த வாசலை ஒரு கதையில் திறந்து வைத்தார். ‘ஹய்யு இப்னு யக்ளான்’ என்னும் அக்கதை 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சேறி, ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆளில்லாத் தீவில் ஒரு குழந்தை. அது எப்படி வந்தது என்பதற்கு ஆசிரியர் இரண்டு கதைகள் சொல்கிறார். நொதித்த களிமண்ணில் தாயும் தகப்பனும் இன்றித் தானே உருவாயிற்று என்பது ஒன்று. மறைவாய்ப் பெற்ற ஒரு தாய் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டாள் என்பது மற்றொன்று. இரண்டில் எது உண்மை என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டிலும் குழந்தையின் அழுகுரல் கேட்டு ஓடிவந்து பால் கொடுப்பது ஒரு பெண்மான். அந்த இடத்திலிருந்து இரு கதைகளும் ஒன்றாகிவிடுகின்றன. களிமண்ணில் விளைந்தவனாயின் ஒரு மாதிரி, கருப்பையில் விளைந்தவனாயின் ஒரு மாதிரி என்று அறிவிலோ இறையுணர்விலோ அவர் வேற்றுமை வைக்கவில்லை. மான் இறந்தபோது ஏழு வயதுச் சிறுவன் அதன் மார்பைத் திறந்து, தன்னைக் காத்த எதுவோ வெளியேறிவிட்டதே, அது எது என்று தேடுகிறான். அப்பகுதியை ஓதும்போதெல்லாம் என் குரல் தடுமாறும்.

எண்ணூறு ஆண்டுகள் தாண்டி, ஜப்பானில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் கசுவோ இஷிகுரோ 2005இல் ஒரு நாவல் எழுதினார். ‘நெவர் லெட் மீ கோ’ என்பது பெயர். 2017இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஹெய்ல்ஷாம் என்னும் விடுதிப் பள்ளியில் கேத்தி, டாமி, ரூத் என்ற பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்கள் நகல் மனிதர்கள். வளர்ந்தபின் ஒவ்வோர் உறுப்பாகக் கொடுத்துவிட்டு இளமையிலேயே மாய்வதற்காக வளர்க்கப்படுபவர்கள். பிள்ளைகள் வரையும் ஓவியங்களை அவ்வப்போது ஓர் அம்மையார் வந்து எடுத்துச் செல்கிறார். ஏன் என்பது நெடுநாள் கழித்துத் தெரிகிறது: இவர்களுக்கும் ஆன்மா உண்டென்று ஊருக்கு மெய்ப்பிக்க!

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? தெருவில் கண்டெடுத்த குழந்தை தன் சுதந்திரத்துக்குச் சாட்சி கொண்டுவர வேண்டும் என்று எந்தச் சட்ட நூலும் சொல்லவில்லை. அடிமை என்பவன்தான் ஆதாரம் காட்ட வேண்டும். அப்பிள்ளைகளின் பக்கம் நின்ற நல்லவர்கள்கூட, ஓவியம் காட்டி மன்றாடும் அளவுக்குத்தான் நல்லவர்கள். இஷிகுரோ இதை உரக்கச் சொல்வதில்லை. தாழ்ந்த குரலில், பழைய பள்ளித் தோழிகள் பேசிக்கொள்வது போலச் சொல்கிறார், அதனாலேயே கனக்கிறது. அப்பிள்ளைகள் ஒருவரும் தப்பி ஓட முயலவில்லையே என்று சில வாசகர்கள் குறை கூறுவர். நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணையைப் பார்த்தவர் அவ்வாறு கேளார். பிறந்தது முதல் கண்ட உலகம் கூண்டு என்றால், கூண்டு என்ற சொல்லே தோன்றாது.

இனித் தமிழுக்கு வருவோம். இத்துறையில் சுஜாதாவை விட்டுவிட்டு ஒரு வரியும் எழுத முடியாது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் அவர். ‘என் இனிய இயந்திரா’வை 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார், ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சி. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். எழுதிய நாளில் எட்டாத தொலைவாய்த் தெரிந்த அந்த ஆண்டுகள் நமக்கு வந்தும் போய்விட்டன.

ஜீவா என்னும் சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் போகலாகாது. நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லாம் அளந்து வெட்டிய பெயர்கள். வேடிக்கைக்காக வைத்தது போலத் தோன்றினும், இரண்டெழுத்தில் தகப்பன் பெயரைச் சேர்க்க ஏது இடம்? வம்சத்தை அறுத்துவிட்டால் கேட்பார் இல்லாத குடிகள் கிடைப்பார்கள் என்பதை ஆசிரியர் ஒரு வரி விளக்கமும் இன்றிக் காட்டிவிடுகிறார். இதைச் சிறந்த நுட்பம் என்பேன்.

பின்னர் ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஜீவா மனிதனே அல்லன். ஒளியால் வரைந்த பிம்பம். ஒரு தேசமே பிம்பத்துக்குப் பணிந்து கிடந்திருக்கிறது. படித்தபோது ஸாமிரி செய்த கன்று நினைவுக்கு வந்தது. அதிலிருந்தும் ஒலி எழுந்தது. ஆனால் அது அவர்களுக்கு மறுமொழி கூறாது என்பதை அறியமாட்டார்களா என்ற கருத்தில் திருமறை இடித்துக் காட்டுகிறது. 2022 முதல் நம் கைப்பேசிகளில் புகுந்துள்ள செயற்கை அறிவோ மறுமொழியும் கூறுகிறது. என் மாணவன் ஒருவன் ஒரு மஸ்அலாவுக்கு அதனிடம் விடை கேட்டு வந்தான். ஹதீஸ் நூலின் பெயரும் எண்ணும் சொல்லி அழகான விடை தந்திருந்தது. நூலைப் புரட்டினால் அந்த இடத்தில் அப்படியொரு ஹதீஸே இல்லை. மறுமொழி கூறுகிறதா என்பது இனி அடையாளமாக நில்லாது. இதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று வரிசையாய்க் கேட்ட நம் முஹத்திஸீன்களின் கேள்விதான் மிஞ்சுகிறது. பிம்பத்தின் பின்னால் நிற்பவன் யார் என்று கேட்க வைத்ததில் சுஜாதா நாற்பது ஆண்டுகள் முந்திவிட்டார்.

ஜீனோ என்னும் எந்திர நாய் தமிழர் வீடுதோறும் அறிந்த பாத்திரம். விளையாட்டுப் பொருளாகத் தொடங்கி, நூல்களைப் படித்து, வாதிட்டு, தன் உரிமையாளனின் விருப்பத்தையும் கடந்து அபலையான நிலாவுக்குத் துணை நிற்கிறது. நிலாவை அரியணையில் ஏற்றி அவளையும் ஒரு பிம்பம் போல ஆட்டிவைக்க முயலும் ரவியும் மனோவும் மனிதர்கள். அந்த நாட்டில் அமானத்தைக் காப்பது ஒரு பொறி நாய் மட்டுமே. குகைத் தோழர்களோடு வாசலில் கிடந்த நாயை நினைத்துக்கொண்டேன். நடையில் அவசரமும் நகைச்சுவையில் மிகையும் உண்டு. தொடர்கதைக்கு வாரந்தோறும் ஒரு திடுக்கிடல் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் சில அத்தியாயங்களைக் கெடுத்திருக்கிறது. எனினும் என் படிக்கல்லில் இந்நூல்கள் நிற்கின்றன. செய்யப்பட்டது இங்கே ஆள் ஆகிறது. செய்தவரும் வைத்திருந்தவரும் விசாரிக்கப்படுகிறார்கள்.

‘எந்திரன்’ அப்படியன்று. 2010 அக்டோபர் 1 அன்று வெளியான ஷங்கரின் இப்படத்துக்கு ஷங்கர், சுஜாதா, மதன் கார்க்கி மூவரும் உரையாடல் எழுதினர். சுஜாதா 2008 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். எனவே குறையை அவர் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். முகம் சுளிப்போர் சுளிக்கட்டும்.

படத்தில் ஒரு காட்சி மட்டும் பெருங்கதைக்குரியது. தீப்பற்றிய குடியிருப்பிலிருந்து சிட்டி என்னும் எந்திர மனிதன் ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறான். குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் ஆடையின்றி அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறான். நாணம் தாளாமல் ஓடியவள் வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த பொறிக்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. ஹயா என்பதை இத்தனை சுருக்கமாகப் பாடம் நடத்திய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அதன்பின் கதை அப்பெண்ணிடம் திரும்பிச் செல்வதில்லை. அவள் சாவு, சிட்டிக்கு உணர்ச்சி ஊட்ட வேண்டும் என்னும் அடுத்த முயற்சிக்கு ஏணிப்படி ஆகிவிடுகிறது. வாகன மிருகம் மிதித்த சேதத்துக்கு அதன்மேல் ஏறியிருப்பவனைப் பிக்ஹு கேட்கிறது. இங்கே எவரும் வசீகரனைக் கேட்கவில்லை.

உணர்ச்சி பெற்ற சிட்டி, வசீகரன் மணக்கவிருக்கும் பெண்ணையே விரும்பிவிடுகிறான். சினமுற்ற வசீகரன் அவனைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைமேட்டில் எறிகிறான். போரா என்னும் கொடியவன் பொறுக்கிச் சென்று, அழிவுச் செயலுக்கான சில்லைப் பொருத்துகிறான். நகரம் நாசமாகிறது, சிட்டி தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் நகல்கள் செய்துகொள்கிறான். இறுதியில் நீதிமன்றம். போராவின் செயலுக்குச் சிட்டியே படச்சான்று காட்டுகிறான். வசீகரனுக்கு விடுதலை; சிட்டியைப் பிரித்துப் போட உத்தரவு. சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றிவைக்கும் அந்தக் கட்டத்தில் என் பேரப்பிள்ளைகள் அழுதார்கள்.

நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. குப்பையில் எறிந்தவன் யார் என்று நீதிபதி ஏன் கேட்கவில்லை? எறியாதிருந்தால் போராவின் கைக்கு அது எப்படிப் போயிருக்கும்? மூஸா (அலை) மலையிலிருந்து இறங்கி வந்ததும் முதலில் தம் கூட்டத்தாரிடம் கேட்டார், பின்பு ஹாரூன் (அலை) அவர்களிடம் கேட்டார், அதன்பின் ஸாமிரியிடம் உன் விஷயம் என்ன என்று கேட்டார். அவனுக்குத் தண்டனை கூறிய பிறகுதான் கன்று எரிக்கப்பட்டுக் கடலில் தூவப்பட்டது. கன்றிடம் யாரும் விசாரணை நடத்தவில்லை. படத்திலோ வரிசை தலைகீழாகிவிட்டது: கன்று தண்டிக்கப்பட்டது, ஸாமிரி கைகுலுக்கி வெளியே வந்தான். இத்தனை பொருட்செலவில் எடுத்த கதை, தன் நடுவே கிடந்த கேள்வியை மிதித்துக்கொண்டே நடந்து போயிற்று.

தமிழில் எந்திர மனிதனுக்காவது ஜீனோ கிடைத்தது. நகல் மனிதனை ஒரு குடும்பத்துக்குள், ஒரு மஹல்லாவுக்குள் வைத்து வளர்த்துப் பார்த்த நாவலை நான் காணவில்லை. 1885இலேயே ‘அசன்பே சரித்திரம்’ எழுதிய சித்திலெவ்வையின் வழிவந்த நமக்கு அதை எழுதும் உரிமையும் உண்டு. லகீத் பாடம் ஓதியவர்கள் என்ற வகையில் சற்றுக் கூடுதல் உரிமையும் உண்டு. ஆய்வுக்கூடமும் வெள்ளை அங்கியும் அதற்குத் தேவையில்லை. நிக்காஹ் மஜ்லிஸ் கூடியிருக்கிறது. மணமகன் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான். முத்தவல்லி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தப்தரில் தகப்பனார் பெயர் எழுத வேண்டிய கட்டத்தின்மேல் பேனாவை நிறுத்தியபடி கதீப் நிமிர்ந்து பார்க்கிறார். அங்கிருந்து தொடங்கலாம்.